தொழில் யார் பெயரில், கடன் யார் பொறுப்பில்?

சுயதொழில் தொடங்க முன்வரும் வாடிக்கையாளர்கள் எங்களிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் வட்டி விகிதத்தைத்தான். தொழிலுக்கு எந்தச் சட்ட வடிவம் ஏற்றது என்பதோ அதற்கும் முன்பே முடிவு செய்யப்பட வேண்டியது. தொழில் நலிவுற்றால் கடனுக்கு யாருடைய சொத்து பொறுப்பாகும் என்பதை அவ்வடிவமே தீர்மானிக்கிறது.

சித்தூர் மாவட்டத்தின் மாங்கூழ்த் தொழிலை எடுத்துக்கொள்வோம். தோத்தாபுரி மாம்பழக் கொள்முதல் குறுகிய பருவத்திலேயே முடிந்துவிடுகிறது. கூழ் விற்றுப் பணம் திரும்பவோ பல மாதங்கள் ஆகலாம். 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் விலை சரிந்தபோது, ஆந்திர அரசு விவசாயிகளுக்குக் கிலோவுக்கு 4 ரூபாய் உதவி அறிவித்தது. இத்தகைய ஏற்ற இறக்கம் உள்ள தொழிலை ஒருவர் தனி உரிமையாளராக நடத்தினால், சட்டத்தின் பார்வையில் அவரும் தொழிலும் ஒன்றே. தொடங்குவது எளிது, உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை, லாபம் தனிநபர் வருமான வரி விகிதத்திலேயே கணக்கிடப்படும். ஆனால் நட்டம் ஏற்பட்டால் அவருடைய வீடும் நிலமும் கடனுக்குப் பொறுப்பாகும்.

திருப்பதியில் யாத்திரிகர்களுக்கு வாடகைக் கார் இயக்க இரு சகோதரர்கள் இணைகிறார்கள் என்று கொள்வோம். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒருவர் நிறுவனத்தின் பெயரில் வாங்கும் கடன் முழுவதற்கும் மற்றவரும் பொறுப்பு. பதிவு கட்டாயமில்லை, எனினும் பதிவு செய்யாத நிறுவனம், ஒப்பந்தப்படி வர வேண்டிய பாக்கிக்காக வெளியார்மீது வழக்குத் தொடர இயலாது. பத்திரத்தில் மாற்று ஏற்பாடு எழுதப்படாவிட்டால், கூட்டாளி ஒருவர் இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும்.

இக்குறைகளை நீக்க வந்தது, 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமையும் எல்.எல்.பி. இதில் கூட்டாளியின் பொறுப்பு பொதுவாக அவர் அளிக்க ஒப்புக்கொண்ட முதலீட்டோடு நின்றுவிடும். தனியொருவர் இத்தகைய பாதுகாப்பைப் பெற, 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் ஒருநபர் கம்பெனிக்கு வழி செய்துள்ளது. தமக்குப் பின் பொறுப்பேற்கும் நியமனதாரரை அவர் குறிப்பிட வேண்டும். இவ்விரண்டிலும் ஆண்டுதோறும் அறிக்கைகள் தாக்கல் செய்தாக வேண்டும். விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயையோ முதலீடு 25 லட்சம் ரூபாயையோ தாண்டினால்தான் எல்.எல்.பி. சட்டப்படி தணிக்கை தேவை. கம்பெனிக்கோ விற்றுமுதல் எவ்வளவாயினும் தணிக்கை கட்டாயம். கூட்டாண்மை, எல்.எல்.பி. இரண்டின் லாபத்துக்கும் 30 சதவீத வரி உண்டு. தனிநபருக்குரிய வரிவிலக்கு வரம்பு இவற்றுக்குக் கிடையாது.

இங்கு ஒன்றை வங்கியாளர்களாகிய நாங்களே சொல்லியாக வேண்டும். சிறு கம்பெனிக்குக் கடன் வழங்கும்போது வங்கிகள் பெரும்பாலும் இயக்குநர்களின் தனிப்பட்ட உத்தரவாதத்தையும் கேட்கின்றன. அதில் கையெழுத்திட்டால், அக்கடனைப் பொறுத்தவரை கம்பெனி வடிவம் தரும் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. ஆகவே ‘லிமிடெட்’ என்ற சொல்லை மட்டும் நம்பாமல், உத்தரவாதப் பத்திரத்தை முழுமையாகப் படித்த பின்னரே ஒப்பமிடுங்கள்.

சிறிய முதலீடு, குறைந்த கடன் எனில் தனியுரிமையே போதுமானது. பிறருடன் இணைந்தால், உறவினரே ஆயினும், பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். கடனும் பொறுப்பும் பெருகும் நிலையில் எல்.எல்.பி.யையோ கம்பெனியையோ பற்றி ஆடிட்டரிடம் ஆலோசியுங்கள். நட்டம் வந்தால் எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது என்பதைக் குடும்பத்தோடு பேசி முடிவு செய்த பின் கடன் விண்ணப்பத்தை நிரப்புவதே நலம்.