கப்பற்பொறியும் பயணிகள் பாதுகாப்பும்

சாலையில் பழுதுற்ற ஊர்தியை ஓரமாக நிறுத்திவிடலாம். கடலில் பொறி நின்றுபோன கப்பலோ காற்றும் அலையும் இழுத்த திசையிலெல்லாம் செல்லும். ஆதலின், பயணிகள் கப்பலின் பொறிகளைச் சோதித்தலும் பேணுதலும் உயிர்காக்கும் பணிகளாகவே கருதப்படுகின்றன.

1912இல் டைட்டானிக் மூழ்கியதன் விளைவாக, 1914இல் கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை உருவாயிற்று. இன்று நடைமுறையில் உள்ளது, பலமுறை திருத்தம்பெற்ற 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையாகும். இதன்படி, பயணிகள் கப்பல் 12 மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வு செய்யப்படல் வேண்டும்.

பொறியறையில் பெரிதும் அஞ்சத்தக்கது தீ. டீசல் எண்ணெய் சூடான பரப்பில் தெறித்தால் நொடியில் பற்றிக்கொள்ளும். எனவே, உயரழுத்த எரிபொருட் குழாய்கள் உறையிடப்பட்டுள்ளனவா, 220 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும் பரப்புகள் வெப்பக்காப்புப் பெற்றுள்ளனவா என்பன ஆராயப்படுகின்றன. எச்சரிக்கை மணிகளும், ஆபத்துக்கால மின்னாக்கியும் இயக்கிப் பார்க்கப்படுகின்றன.

ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை வருபவர். பொறியாளரோ நாள்தோறும் பொறியுடன் வாழ்பவர். வெப்பம், அழுத்தம், அதிர்வு ஆகியவற்றை அவர் இடையறாது கண்காணிக்கிறார். மசகு எண்ணெயின் மாதிரி ஆய்வகத்திற்கு அனுப்பப்படுகிறது. அதில் காணப்படும் உலோகத் துகள்கள், தாங்கிகளின் தேய்மானத்தை முன்கூட்டியே அறிவிக்கின்றன. மனித உடலுக்குக் குருதிச் சோதனை எத்தகையதோ, பொறிக்கு இச்சோதனை அத்தகையது எனலாம்.

இக்கண்காணிப்பின் இன்றியமையாமையை உணர்த்துவது, 2019 மார்ச் 23 அன்று நார்வேக் கடலோரத்தில் 'வைக்கிங் ஸ்கை' என்னும் கப்பலுக்கு நேர்ந்த இடராகும். அதில் 1,373 பேர் இருந்தனர். பொறிகளின் தொட்டிகளில் மசகு எண்ணெய், உற்பத்தியாளர் பரிந்துரைத்த அளவினும் குறைவாக இருந்தது. புயலில் கப்பல் ஆடியபோது எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கவே, எக்கிகள் காற்றை உறிஞ்சின. எண்ணெய் அழுத்தம் வீழ்ந்ததும், தம்மைக் காத்துக்கொள்ளுமாறு அமைக்கப்பட்டிருந்த பொறிகள் தாமே நின்றன. கப்பல் கரையோரப் பாறைகளை நோக்கி ஒதுங்கியது. ஹெலிகாப்டர்கள் 479 பேரை மீட்டன. எண்ணெய் நிரப்பிப் பொறிகளை மீண்டும் இயக்கியபின், மறுநாள் கப்பல் மோல்டே துறைமுகம் சேர்ந்தது. 2024இல் வெளியான இறுதி அறிக்கை, அத்தொட்டிகளின் வடிவமைப்பே விதிகளுக்கு இணங்கவில்லை என்று காட்டிற்று. கப்பலோ உரிய சான்றிதழ்களுடன்தான் பயணம் செய்துகொண்டிருந்தது.

சான்றிதழ், ஆய்வு நடைபெற்ற நாளுக்குரிய சான்று மட்டுமே. அன்றன்றைய கடலுக்கும் காற்றுக்கும் ஏற்ப எண்ணெய் போதுமா என அளந்து பார்க்கும் கடமை, பொறியறையில் நிற்பவர்க்கே உரியது. மேல்தளத்தில் உறங்கும் பயணியின் உயிர், கீழே அளவுகோலைப் பார்க்கும் அக்கண்களை நம்பியே இருக்கிறது.