காயாத சுவரில் கல்யாணக் கோலம்

புது வீட்டின் பூச்சு உலர்வதற்குள் பெயிண்ட் பிரஷ் ஏறிவிடுகிறது. விலையை அடுத்த மழை சொல்கிறது.

மழை விடைபெற்றதும் மும்பை, தாணே, நவி மும்பைப் புதுக் குடியிருப்புகளில் ஓர் அவசரம் தொற்றிக்கொள்ளும். பழைய வீட்டுக்கு வாடகை, புதிய வீட்டுக்கு வங்கித் தவணை என்று இரண்டு பக்கமும் பணம் கரைகிறவர்கள் தீபாவளிக்குள் குடியேறத் துடிப்பார்கள். கொத்தனார் இறங்கிய கையோடு பெயிண்டர் ஏணியைச் சாய்ப்பார். சில மாதங்களில் சுவரெல்லாம் கொப்புளமும் வெள்ளைத் திட்டும். பழி பெயிண்டர் மீதோ பெயிண்ட் டப்பா மீதோ விழும். பெரும்பாலும் குற்றவாளி சுவருக்குள் தங்கிய தண்ணீர்தான்.

சிமென்ட் பூச்சுக்குக் குறைந்தது 7 நாட்கள் தண்ணீர் காட்ட வேண்டும். பிறகு அந்த நீர் வெளியேற அவகாசம் வேண்டும். 28 நாட்கள் என்பது பொதுக் கணக்கு. கொச்சி, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று ஊர்களில், அதுவும் மழைக்காலத்தில், இது போதாது. நாள்காட்டியை நம்புவதைவிடச் சோதித்துப் பார்ப்பது மேல்: ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டால், உள்பக்கம் நீர்த்துளி கோத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஈரம் தனியாக வருவதில்லை. காரத்தையும் கூட்டி வருகிறது. புதிய சிமென்ட்டின் காரம் எண்ணெய் சார்ந்த எனாமலைத் தாக்கும்போது அதிலுள்ள எண்ணெய் சோப்பாகிவிடுகிறது. சோப்புத் தொழிற்சாலையில் நடக்கும் அதே வேதிவினைதான், இங்கே சுவரின் செலவில். பெயிண்ட் பிசுபிசுத்து உரியும். அதனால்தான் புதுச் சுவருக்குக் காரம் தாங்கும் ப்ரைமரும் அதன்மேல் நீரில் கரையும் எமல்ஷனும் பொருத்தம்.

வெள்ளையாகப் பூக்கும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதுதான் பலரும் செய்யும் தவறு. கரைந்த உப்பு மீண்டும் உள்ளே போய், காய்ந்ததும் மறுபடி வெளியே வரும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தட்டி, பூப்பது நிற்கும்வரை காத்திருப்பதே வழி. நிற்கவே இல்லையென்றால் பின்னால் குழாய்க் கசிவு இருக்கலாம்; பெயிண்டரை அனுப்பிவிட்டு பிளம்பரை அழைக்க வேண்டும்.

அடுத்தது காது வேலை. நாணயத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே போனால், செங்கல்லை விட்டு விலகிய இடம் பொள்ளலாக ஒலிக்கும். அந்தப் பகுதியைச் சதுரமாக வெட்டியெடுத்து, நனைத்து, சிமென்ட் பால் தடவி மறுபடி பூச வேண்டும். அந்த ஒட்டுக்கும் நீராற்றல், காத்திருப்பு எல்லாம் முதலிலிருந்து. இங்கேதான் அவசரக்காரர்கள் பட்டி வைத்து மூடிவிடுகிறார்கள்.

சிலந்தி வலை போன்ற மேலோட்டமான விரிசல் பட்டியிலேயே அடங்கும். கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் நேராக ஓடும் விரிசல் அடங்காது. பூசும்போதே அங்கே கோழிவலை பதித்திருக்க வேண்டும்; இல்லையென்றால் கீறித் திறந்து வலை வைத்துப் பூச வேண்டியதுதான். டெல்லி பக்கம் விரும்பிச் செய்யப்படும் பி.ஓ.பி. வழவழப்பு இந்தக் குறைகளை அழகாக மறைக்கும், ஈரம் வரும்வரை.

பட்டி காய்ந்ததும் உப்புத்தாள் தேய்ப்பு. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு அந்தப் புழுதியில் நிற்கும் தொழிலாளிக்கு முகக்கவசம் வாங்கித்தர எந்த மதிப்பீட்டுத் தாளிலும் வரி இருப்பதில்லை. தூசியைத் துடைக்காமல் ப்ரைமர் அடித்தால் அது சுவரில் ஒட்டாது, தூசியில்தான் ஒட்டும்.

இந்தச் செலவெல்லாம் யார் தலையில்? 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் வேலைத்தரக் குறைகளை 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்யும் பொறுப்பைக் கட்டுநர் மீது வைக்கிறது. மயிரிழை விரிசல் பூச்சின் இயல்பு என்று அவர்கள் வாதிடுவதுண்டு. பொள்ளல் சுவருக்கு அந்த வாதம் எடுபடுவது கடினம். ஆனால் வண்ணம் அடித்தபின் எது யார் குறை என்று பிரிப்பது பெரும்பாடு. தட்டிப் பார்த்துச் சாக்பீஸில் வட்டமிட்டு, தேதியுடன் படமெடுத்து, எழுத்தில் கொடுக்க வேண்டிய நேரம் சுவர் இன்னும் சாம்பல் நிறத்தில் இருக்கும்போதுதான்.