மூன்று நாள் தங்கிப் பாருங்கள்!

“வவுனியாவா? யாழ்ப்பாணத்துக்குப் போகும் வழியிலே வருகிற ஊர்தானே!”

எங்கள் ஊரின் பெயரைச் சொன்னவுடன் வெளியூர் அன்பர்களிற் பெரும்பாலோர் கூறும் மறுமொழி இதுவேயாகும். புகையிரதம் நிற்கும்போது ஒரு கோப்பைத் தேநீர் அருந்தும் நேரமும், கண்டி வீதியிலே பஸ்வண்டி தரிக்கும்போது ஒரு சோற்றுப் பொதி வாங்கும் நேரமுமே அவர்கள் எங்கள் ஊருக்கு ஒதுக்கும் காலம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வூர்த் தண்ணீரைக் குடித்து வாழும் எனக்கு இம்மறுமொழி பழகிப்போயிற்று. ஆயினும் சென்ற மார்கழியில் அதனை என் சொந்த மருமகனின் வாயினாலேயே கேட்க நேர்ந்தபோது, மனம் சிறிது நொந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

அவன் காலஞ்சென்ற என் தங்கையின் மகன். பன்னிரண்டு வயதிலே கனடாவுக்குச் சென்றவன். தாயின் பின் அவன் பேருக்கு வந்த மூன்று ஏக்கர் வயலை விற்றுவிட்டுப் போவதற்காகவே வந்திருந்தான். தரகர் ஆள் பிடித்துவிட்டார். நொத்தாரிசு உறுதி எழுத நான்காம் நாள் குறித்தாயிற்று.

“மாமா, எனக்கு இஞ்ச இனி என்ன இருக்கு? வித்துப்போட்டால் ஒரு கவலை குறையும்” என்றான்.

“உன்ர காணி, உன்ர விருப்பம் தம்பி. ஆனால் உறுதிக்கு இன்னும் மூண்டு நாள் இருக்கு. அந்த மூண்டு நாளும் என்னோட வா” என்றேன்.

அவனுக்குக் காட்டியவற்றையே நேயர்களுக்கும் காட்ட விரும்புகிறேன்.

பெயரிலேயே தண்ணீர்

முதல் நாள் ஊரை விட்டு வெளியே செல்லவில்லை. ஊர்ப் பெயர்களை மாத்திரம் சொல்லிக்கொண்டு நடந்தோம். தாண்டிக்குளம், இறம்பைக்குளம், பண்டாரிகுளம், வைரவபுளியங்குளம், நெளுக்குளம், உக்கிளாங்குளம், கூமாங்குளம், ஈரப்பெரியகுளம்! நகரத்துக்கே முன்னாளில் வவுனியா விளாங்குளம் என்றுதான் பெயர். குளத்தைக் கட்டிவிட்டு அதன் கீழே ஊரை அமைத்த மக்கள், ஊருக்கு வேறு பெயர் தேடவேண்டிய அவசியத்தைக் காணவில்லை போலும்!

இங்கே வற்றாத பேராறு எதுவுமில்லை. ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றோடு வரும் மாரி மழையே எங்கள் செல்வம். அந்நான்கு மாதத்து மழையை ஆண்டு முழுவதற்கும் சேமித்து வைக்கும் பத்தாயமே குளமாகும். ஒரு குளம் நிறைந்து வான் பாய்ந்தால், அந்நீர் வீணே ஓடிக் கடலைச் சேருவதில்லை; அடுத்த தாழ்விலுள்ள குளத்திற் போய் விழுகிறது. மேற்குளத்து வயலிலிருந்து வடியும் நீரும் கீழ்க்குளத்துக்கே முதலாகிறது. இவ்வாறு படிப்படியாகக் குளங்களைத் தொடுத்து வைத்த முறை, இலங்கையின் வறண்ட வலயம் முழுவதற்கும் பொதுவானது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 2017 ஆம் ஆண்டில் இதனை உலக வேளாண் மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. பொறியியற் பட்டம் பெறாத நம் முன்னோர், நிலத்தின் ஏற்றத் தாழ்வைக் கண்ணாலும் காலாலும் அளந்து செய்த வேலை இது.

“அப்ப வவுனிக்குளம் எங்க இருக்கு?” என்று மருமகன் கேட்டான். பலரும் செய்யும் தவறுதான். வவுனிக்குளம் வவுனியாவில் இல்லை. முல்லைத்தீவு மாவட்டத்திலே பாலியாற்றை மறித்து நிற்கிறது. எல்லாள மன்னன் கட்டுவித்த குளம் என்று ஹென்றி பார்க்கர் கருதியது இதனைத்தான். ஆனால் எங்களுக்குள்ளே இந்த எல்லைக் கணக்கெல்லாம் நேற்றையது. 1978 ஆம் ஆண்டு முல்லைத்தீவு தனி மாவட்டமாகும் வரை அதன் பெரும்பகுதி வவுனியாக் கச்சேரியின் கீழேதான் இருந்தது.

கல் சொல்லும் கதையும் ஊர் சொல்லும் கதையும்

இரண்டாம் நாள் வடக்கே புறப்பட்டோம். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் எனக் கடந்து மாங்குளத்தில் கிழக்கே திரும்பினோம். வீதியின் இருமருங்கும் பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த காடு. “பாலைப்பழம் இருக்குமோ?” என்று அவன் ஆவலோடு கேட்டான். மார்கழியில் ஏது பாலைப்பழம்! கோடையிலல்லவா அது பழுக்கும்! மஞ்சள் மணிகளாய்க் கொத்துக் கொத்தாகத் தொங்கும் அப்பழத்தை உண்டபின் உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை அவன் மறந்திருக்கவில்லை. முப்பது ஆண்டுக் கனடா வாசத்தில் எதை எதையோ மறந்தவன், இதை மறக்கவில்லை என்று கண்டு உள்ளூர மகிழ்ந்தேன்.

ஒட்டுசுட்டானில் தான்தோன்றீசுவரரை வணங்கியபின், அருகிலுள்ள கற்சிலைமடுவைக் காட்டினேன். வன்னியின் கடைசி மன்னன் பண்டார வன்னியன் 1803 ஆம் ஆண்டு ஆவணியிலே முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளையரிடமிருந்து கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31 ஆந் திகதி, கற்சிலைமடுவிலே கப்டன் வொன் டிரிபேர்க் அவனைத் தோற்கடித்ததாக ஆங்கிலேயர் ஒரு நினைவுக்கல் நாட்டினர். வென்றவர் தம் வெற்றியைப் பொறிக்க நாட்டிய கல் அது. ஆனால் வென்ற கப்டனின் பெயரைத் தம் பிள்ளைக்கு வைத்தவர் எவருமிலர். தோற்றவனுக்கோ வவுனியா நகரிலே சிலை நிற்கிறது.

வன்னியின் வீரம் ஆண்களோடு நின்றதன்று. காட்டானையைப் பிடித்துக் கட்டியவள் என்று சொல்லப்படும் அரியாத்தை, வேலப்பணிக்கனின் மனைவி. அவள் பேரில் எழுந்த ஒப்பாரி வன்னியின் பழைய இலக்கியங்களுள் ஒன்றாகும். இக்காலத்து மாணவர்களுக்கு இம்மண்ணின் மணத்தை அறிய ஆவலிருந்தால், அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ நாவலைத் தேடிப் படிக்கலாம். தண்ணிமுறிப்புக் காட்டுவாழ்வை 1973 இலே அச்சிற் கொணர்ந்த நூல் அது.

மாலையில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மனைத் தரிசித்தோம். வைகாசி விசாகப் பொங்கலுக்கு நாடெங்குமிருந்து சனத்திரள் வரும் தலம். முல்லைத்தீவுக் கடலிலே நீரெடுத்து, அந்த உப்பு நீரில் விளக்கெரிக்கும் வழக்கம் இங்கே தொன்றுதொட்டு உள்ளது. கோவிலை அடுத்து விரிந்து கிடக்கிறது நந்திக்கடல். 2009 மே மாதத்திலே போரின் கடைசி நாள்கள் இந்நீரோரத்திலேதான் கழிந்தன. அங்கே நாங்கள் எதுவும் பேசவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

வந்தாரை வாழவைத்த ஊர்

வழியிலே மருமகன் கேட்டான்: “இவ்வளவு நடந்தபிறகும் சனம் ஏன் இஞ்சயே இருக்கு, மாமா?”

‘வந்தாரை வாழவைக்கும் வன்னி’ என்பது எங்கள் பக்கத்து வழக்கு. இதனை வெறும் புகழ்ச்சி என்று எண்ணிவிடலாகாது. 1958 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னும், 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னும், மலையகத்துத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் இக்காட்டு நிலத்திற் குடியேறின. 1990 இல் வடக்கு நோக்கிய புகையிரதம் நின்றுபோனது, தண்டவாளங்களும் மறைந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தோர் எங்கள் ஊரிலே இறங்கினர். என் வீட்டு விறாந்தையிலேயே 1996 இல் ஒரு குடும்பம் எட்டு மாதம் தங்கியிருந்தது. அவ்வீட்டுக் குழந்தை முதலடி வைத்தது எங்கள் முற்றத்திலேதான். 2009 இல் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாம்களிலே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பிக்குள் இருந்தனர். 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. புகையிரதம் 2011 இல் ஓமந்தைக்கும், 2013 இல் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டும் எட்டியது. 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கியது, 2021 இல் வவுனியாப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையிற் காய்கறி வாங்கும் ஊர் இது. தந்ததாது அநுராதபுரம் செல்லும் வழியிலே தங்கியதென்று ஐதிகங் கூறும் மதுக்கந்தை விகாரை, நகரிலிருந்து கூப்பிடு தூரமே. கசப்பான காலங்களும் இருந்தன. ஆயினும் அடுத்த வீட்டுக்காரரின் நன்மை தீமைக்குப் போகும் வழக்கம் அறுந்து போகவில்லை.

வயல் வரம்பிலே

மூன்றாம் நாள் விடியற்காலையில், திருவெம்பாவைச் சங்கொலி ஓயுமுன்னரே வயலுக்குச் சென்றோம். குளம் வான் பாய்ந்துகொண்டிருந்தது. அணைக்கட்டிலே மருத மரங்கள், அலைகரையில் தாமரையும் ஆம்பலும், நீர்க்காகங்கள் சிறகுலர்த்திக்கொண்டிருந்தன. துருசின் வழியே வந்த நீர் வாய்க்காலில் சலசலத்தது. காலபோக நெல் முழங்காலளவு வளர்ந்து, பச்சைக் கம்பளம் விரித்தாற்போற் கிடந்தது.

வயலைக் குத்தகைக்குச் செய்பவர் எங்களைக் கண்டு வரம்பால் வந்தார். 1977 இல், பத்து வயதுச் சிறுவனாகத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு மலையகத்திலிருந்து வந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வயலில் உழைப்பவர். நீர் குறைந்த ஆண்டிலே சிறுபோகத்தை எப்படிச் செய்வது என்று மருமகன் அவரிடம் வினவினான்.

“எல்லாக் காணியும் விதைக்க ஏலாது தம்பி. கமக்காரர் எல்லாரும் கூட்டம் கூடுவம். குளத்துக்குக் கிட்ட உள்ள துண்டை மட்டும் விதைச்சு, அதை எல்லாரும் பங்கு பிரிப்பம். தண்ணி எல்லாருக்கும் பொதுதானே?” என்றார் அவர்.

மருமகன் சிறிது நேரம் மௌனமாயிருந்தான். பிறகு, “வாங்கப்போறவர் இந்த வயலை என்ன செய்வார், மாமா?” என்று கேட்டான்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மண் கொட்டி நிரப்பி, வீட்டு நிலங்களாகத் துண்டு பிரித்து விற்பார். நகரைச் சூழ்ந்த எத்தனையோ வயல்களுக்கும் குளத்தோரங்களுக்கும் நேர்ந்த கதி இதுவே. வாய்க்கால் அடைபட்டால் வயல் சாகிறது. வயல் செத்தால் குளத்தைக் கவனிப்பாரில்லை. குளம் தூர்ந்தால் அடுத்த மாரியில் அவ்வெள்ளம் புதிதாகக் கட்டிய வீட்டுக்குள்ளேயே புகுகிறது. கோடையிலோ ஊர்க் கிணறுகள் வற்றுகின்றன. தொடுத்து வைத்த குளங்களில் ஒன்றை அறுத்தால் தண்டனை எல்லாருக்குந்தான்.

குறையும் உண்டு

என் ஊரைப் பற்றிப் பெருமை பேசுவதனாற் குறைகளை மறைக்கிறேன் என்று எவரும் எண்ணவேண்டாம். சோளகக் காற்று வீசும் கோடையில் குளத்தின் அடி வெடித்துப் புழுதி பறக்கும். விளைந்த பயிரை ஓரிரவில் யானை அழித்துவிடும். காரணம் முற்றாகத் துலங்காத சிறுநீரக நோய் எங்கள் கமக்காரரையும் விட்டுவைக்கவில்லை. படித்த பிள்ளைகள் வெளிநாட்டை நோக்குகின்றனர். அவர்களைக் குறை கூறும் உரிமை எனக்கில்லை. எனினும் போகுமுன் தாம் எதை விட்டுப் போகிறோம் என்பதை அறிந்து போகவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நான்காம் நாட் காலையில் மருமகன் தரகரைத் தொலைபேசியில் அழைத்தான். “மாசியில அரிவுவெட்டு முடியட்டும். பிறகு பாப்பம்” என்று மாத்திரம் சொன்னான். அவன் மனம் முற்றாக மாறிவிட்டது என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் விமான நிலையத்துக்குப் புறப்படும்போது, பாலைப்பழம் எந்த மாதத்திலே பழுக்கும் என்று இரண்டு தரம் கேட்டான். அதுவே எனக்குப் போதும்.

அன்பார்ந்த நேயர்களே! அடுத்த முறை வடக்கே பயணஞ் செய்யும்போது முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காயுடைக்கவும் கச்சான் வாங்கவும் எப்படியும் இறங்குவீர்கள். அதற்குச் சற்று முன்னரே எங்கள் ஊரிலும் இறங்குங்கள். மாரியில் வந்தால் வான் பாயும் குளத்தைக் காணலாம். மாசியில் வந்தால் புதுநெற்சோறு உண்ணலாம். கோடையில் வந்தால் காட்டுத் தேனும் பாலைப்பழமும் கிடைக்கும். ஒரு கோப்பைத் தேநீரோடு போய்விடாதீர்கள். மூன்று நாள் தங்கிப் பாருங்கள்!