ராக் தாத்தாக்கள் காப்பாற்றுவார்களா கன்ட்ரி இசையை?

1975, அக்டோபர் மாதம். அமெரிக்காவின் நேஷ்வில் நகரில் கன்ட்ரி இசைச் சங்கத்தின் விருது விழா. ஆண்டின் சிறந்த கலைஞர் யார் என்று அறிவிக்க மேடையேறுகிறார் சார்லி ரிச். முந்திய ஆண்டு அதே விருதை வென்றவர். உறையைப் பிரிக்கிறார், உள்ளே இருக்கும் பெயரைப் பார்க்கிறார், லைட்டரை எடுத்து அந்தக் காகிதத்துக்குத் தீ வைக்கிறார். காகிதம் எரிந்துகொண்டிருக்க, வெற்றியாளரின் பெயரைச் சொல்கிறார்: ஜான் டென்வர்.

யார் இந்த ஜான் டென்வர் என்று கேட்பவர்களுக்கு, 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்' என்றால் உடனே தெரிந்துவிடும். நம் ஊர் கரவோக்கேகளில் அந்தப் பாட்டைத் தேடாதவர்கள் குறைவு. தமிழ்ப் பாட்டு மட்டுமே கேட்கும் மாமாக்கள்கூட அதன் பல்லவியை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். உலகத்துக்கே கன்ட்ரி என்றால் அந்தப் பாட்டுத்தான். ஆனால் நேஷ்வில்லின் பழைய ஆட்களுக்கு டென்வர் கன்ட்ரிப் பாடகரே அல்லர். அதற்கு முந்திய ஆண்டு சிறந்த பாடகி விருது ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஒலிவியா நியூட்டன் ஜானுக்குப் போனபோதே, ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வைனட் தம்பதியின் வீட்டில் கூடித் தனிச் சங்கம் தொடங்கியவர்கள் அவர்கள்.

ரிச் செய்தது எதிர்ப்பே அல்ல, மருந்து மயக்கத்தில் செய்த குறும்பு என்று அவருடைய மகன் பின்னாளில் விளக்கினார். பார்த்தவர்கள் ஏற்கவில்லை. அதைவிட வேடிக்கை, தீ வைத்த ரிச்சே எல்விஸ் பிரெஸ்லியை அறிமுகப்படுத்திய சன் ரெக்கார்ட்ஸில் ராக்கபில்லி வாசித்துத் தொடங்கியவர்.

இந்தச் சண்டை ஐம்பது ஆண்டுகளாக ஓயவில்லை. இன்றைய கன்ட்ரி வானொலியில் பிக்கப் லாரி, பீர், கணினியில் செய்த தாளம் ஆகியவற்றைக் கேட்டு அலுத்துப்போன ரசிகர்கள் வேறு பக்கம் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். ராக் இசையில் தலை நரைத்தவர்கள் ஒவ்வொருவராக நேஷ்வில் பக்கம் வருகிறார்களே, அசல் கன்ட்ரியை இவர்கள் மீட்டுத் தருவார்களா என்பது அவர்களின் கேள்வி.

எது அசல்?

கன்ட்ரி இசையை நாம் சில சமயம் 'நாட்டுப்புற இசை' என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். அது பாதிதான் சரி. நாட்டுப்புறப் பாடலுக்குச் சொந்தக்காரர் யாரென்று தெரியாது. கன்ட்ரி இசையோ பிறக்கும்போதே ஒலிப்பதிவுக் கருவியையும் ஒப்பந்தப் பத்திரத்தையும் கூட வைத்துக்கொண்டு பிறந்தது. 1927 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் விக்டர் நிறுவனத்தின் ரால்ப் பியர், டென்னஸி, வர்ஜீனியா எல்லையிலுள்ள பிரிஸ்டல் என்ற சிற்றூரில் கருவிகளோடு வந்து உட்கார்ந்தார். கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் அங்கேதான் முதன்முதலாகப் பதிவானார்கள்.

அந்தக் கார்ட்டர் குடும்பத்தின் பாடல்களில் பல, ஏ.பி. கார்ட்டரும் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கித்தார் கலைஞரும் மலைக்கிராமங்களில் அலைந்து சேகரித்தவை. ஜிம்மி ராட்ஜர்ஸின் யோடல் ஆல்ப்ஸ் மலையின் சாயல். 1930இல் அவருடைய ஒரு பாட்டுக்கு டிரம்பட் ஊதியவர் லூயி ஆம்ஸ்ட்ராங். பேஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, ஸ்டீல் கித்தார் ஹவாயிலிருந்து வந்தது. கௌபாய் தொப்பியைப் பாடகர்களின் தலையில் வைத்ததில் ஹாலிவுட் படங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. கன்ட்ரியின் கோயில் எனப்படும் 'கிராண்ட் ஓல் ஆப்ரி', 1925இல் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் வானொலியில் தொடங்கிய நிகழ்ச்சி. அதன் ஆரம்பகால நட்சத்திரமான டிஃபோர்ட் பெய்லி, மவுத்ஆர்கன் வாசித்த கறுப்பினக் கலைஞர். 1941இல் அவரை வெளியேற்றினார்கள். புகழ்மன்றத்தில் அவர் பெயரைச் சேர்க்க 2005 ஆகிவிட்டது, அப்போது அவர் உயிரோடு இல்லை.

ஆகவே கலப்பே இல்லாதது எது என்று தேடினால் எதுவும் தேறாது. நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. பாடுபவர் வாழ்ந்த வாழ்க்கை குரலில் கேட்கிறதா, இல்லையா? லொரெட்டா லின் கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். 15 வயதில் கல்யாணம், அடுத்தடுத்துப் பிள்ளைகள். கருத்தடை மாத்திரை பற்றி அவர் 1975இல் ஒரு பாட்டு வெளியிட்டபோது பல கன்ட்ரி வானொலிகள் அதை ஒலிபரப்ப மறுத்தன. வாழ்க்கை அந்த அளவுக்குப் பாட்டில் இறங்கியிருந்தது.

நீளமுடிக்காரர்கள்

ராக் பக்கத்திலிருந்து முதலில் கதவைத் தட்டியவர்கள் தி பேர்ட்ஸ் குழுவினர். 1968 மார்ச்சில் கிராம் பார்சன்ஸ் என்ற இளைஞருடன் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையேறினார்கள். கூட்டத்திலிருந்து கேலிக் குரல்கள் எழுந்தன. முன்பே பேசிவைத்த பாட்டை மாற்றிப் பார்சன்ஸ் தம் சொந்தப் பாட்டைப் பாடியதில் ஏற்பாட்டாளர்களுக்கும் கோபம். நேஷ்வில்லின் செல்வாக்கு மிக்க வானொலி அறிவிப்பாளர் ரால்ப் எமரி அவர்களுடைய இசைத்தட்டைப் போட விரும்பவில்லை. பழிவாங்க அவரைப் பற்றியே ஒரு கிண்டல் பாட்டு எழுதினார்கள். 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் த ரோடியோ' ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் 77ஆம் இடத்தைத் தாண்டவில்லை. இன்று அதைப் பாடப்புத்தகம் போல் கேட்கிறார்கள். பார்சன்ஸ் 26 வயதில் இறந்துபோனார்.

அடுத்து வந்தவர்கள் செய்ததுதான் என் பார்வையில் சரியான வழி. நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் என்ற கலிஃபோர்னியா இளைஞர் குழு 1971 ஆகஸ்டில் நேஷ்வில் வந்தது. வந்தவர்கள் மைக்கைத் தாங்கள் பிடித்துக்கொள்ளவில்லை. பிரிஸ்டலில் பாடிய கார்ட்டர் குடும்பத்தின் மேபெல், பேஞ்சோ மேதை எர்ல் ஸ்க்ரக்ஸ், ராய் அகஃப், கண்பார்வையற்ற கித்தார் கலைஞர் டாக் வாட்சன், மெர்ல் டிராவிஸ் என்று வானொலி மறக்கத் தொடங்கியிருந்த பெரியவர்களை ஓர் அறையில் உட்காரவைத்துப் பாடச்சொன்னார்கள். தாங்கள் பக்கவாத்தியம் வாசித்தார்கள். புளூகிராஸின் தந்தை பில் மன்றோ மட்டும் வர மறுத்துவிட்டார்.

1972இல் 'வில் த சர்க்கிள் பி அன்ப்ரோக்கன்' என்ற பெயரில் மூன்று இசைத்தட்டுகளாக அது வெளிவந்தது. பாட்டுகளுக்கிடையே நடந்த பேச்சையும் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். டாக் வாட்சனும் மெர்ல் டிராவிஸும் அதுவரை நேரில் சந்தித்ததில்லை. ஆனால் டாக் வாட்சனின் மகனுக்கு மெர்ல் என்ற பெயர் வந்ததே டிராவிஸை நினைத்துத்தான். ஆளை ஒருநாளும் பார்க்காமல் மகனுக்கு அவர் பெயரைச் சூட்டிய மனிதர், அவரைச் சந்திக்கும் நேரத்தில் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டுடியோவில் வேலை செய்யும் எவரும் இப்படி ஒரு தருணத்துக்காக ஏங்குவார்கள்.

இருபது ஆண்டுகள் கழித்து அதே வேலையை ரிக் ரூபின் செய்தார். பங்க் குழுவில் கித்தார் வாசித்து, ராப், ஹெவிமெட்டல் ஆல்பங்களைத் தயாரித்துப் பெயர் எடுத்தவர். அப்போது ஜானி கேஷின் நிலை என்ன? 28 ஆண்டுகள் அவரால் சம்பாதித்த கொலம்பியா நிறுவனம் 1986இல் அவரைக் கைவிட்டிருந்தது. பிரான்சன் என்ற சுற்றுலா ஊரில் விடுமுறைக் கூட்டத்துக்குப் பாடிக்கொண்டிருந்தார். ரூபின் அவரைத் தம் வீட்டு வரவேற்பறையில் உட்காரவைத்து, ஒரு கித்தாரோடு பிடித்ததைப் பாடச்சொன்னார். வேறு வாத்தியமே வேண்டாம். 1994இல் வெளிவந்த 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' 62 வயதுக்காரரை இருபது வயதுப் பிள்ளைகளின் அறைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. அடுத்த ஆல்பத்தில் டாம் பெட்டியின் ராக் குழு அவருக்குப் பக்கவாத்தியம். அது சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. கன்ட்ரி வானொலி சீண்டவே இல்லை. கேஷ் நடுவிரலைக் காட்டும் பழைய படத்தைப் பில்போர்டு இதழில் முழுப்பக்க விளம்பரமாகப் போட்டு, கன்ட்ரி வானொலிக்கு 'நன்றி' சொன்னார்கள்!

ஜாக் வைட் 2004இல் லொரெட்டா லின்னுக்குச் செய்ததும் இதுதான். அவருக்கு 28 வயது, அம்மையாருக்கு 72. இரண்டு கிராமி கிடைத்தது, வானொலி இடம் கிடைக்கவில்லை. பாப் டிலனின் குழுவில் கித்தார் வாசித்த டி-போன் பர்னெட் தயாரித்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' படத்தின் பாடல் தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் 80 லட்சம் பிரதிகளைத் தொட்டது. 2002இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியும் அதற்குத்தான். அதில் வாத்தியமே இல்லாமல் மரணத்தோடு பேசிப் பாடிய ரால்ப் ஸ்டான்லிக்கு அப்போது 75 வயது. வானொலியில்? அதன் முக்கியப் பாட்டு கன்ட்ரிப் பட்டியலில் 35ஆம் இடத்தோடு நின்றது.

தொப்பி மாட்டியவர்கள்

ராக் நட்சத்திரம் தாமே தொப்பி மாட்டிக்கொண்டு பாடியபோது கதை வேறு. ஏரோஸ்மித் குழுவின் ஸ்டீவன் டைலர் 2016இல் வெளியிட்ட ஆல்பம் கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதற்கும் பத்து ஆண்டுகளுக்கு முன் பான் ஜோவி குழுவின் பாட்டு கன்ட்ரிப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்திருந்தது. நல்ல வியாபாரம். இவற்றால் எந்தப் பழைய குரல் திரும்பி வந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஈகிள்ஸ் குழுவின் டான் ஹென்லியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். டெக்ஸஸில் தாம் வளர்ந்த மாவட்டத்தின் பெயரிலேயே 2015இல் ஆல்பம் போட்ட அவர், மெர்ல் ஹேகர்டையும் டாலி பார்ட்டனையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்தார். (டாலி பாட்டி பதிலுக்கு 2023இல் ஒரு முழு ராக் ஆல்பமே பாடிவிட்டார். அவரிடம் யாரும் அசலா என்று கேட்கத் துணியவில்லை.)

லெட் செப்லினின் ராபர்ட் பிளாண்ட் வித்தியாசமானவர். 2007இல் புளூகிராஸ் பாடகி அலிசன் கிராஸுடன் சேர்ந்து பாடினார். எழுபதுகளில் அரங்கமே அதிரக் கத்திய அந்தக் குரல், இங்கே இன்னொரு குரலுக்கு இடம் விட்டு அடங்கி ஒலிக்கிறது. அந்த அடக்கத்துக்கே ஐந்து கிராமி கொடுக்கலாம். கொடுத்தார்கள்.

இத்தனை விருது இருந்தும் வானொலி ஏன் அசையவில்லை? வானொலியில் வேலை செய்வதால் இது எனக்கு உறுத்துகிறது. எந்தப் பாட்டு எத்தனை மணிக்கு என்பதை இப்போது கணினி அட்டவணை முடிவு செய்கிறது. அறிவிப்பாளருக்குப் பிடித்த பாட்டை நினைத்த நேரத்தில் நுழைக்க முடியாது. அமெரிக்காவில் இது உச்சத்துக்குப் போனது. ஒரு நிறுவனம் நாடு முழுவதும் 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்றிருந்த வரம்பை 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் எடுத்துவிட்டது. கிளியர் சேனல் நிறுவனம் 1,200 நிலையங்கள் வரை வாங்கிக் குவித்தது. அப்புறம் எந்த ஊரில் வானொலியைத் திருப்பினாலும் அதே முப்பது நாற்பது பாட்டுத்தான். விளம்பரதாரருக்கு இளைய நேயர் வேண்டும். 75 வயது ரால்ப் ஸ்டான்லி மரணத்தைப் பாடினால் அவர் ஸ்டேஷனை மாற்றிவிடுவார் என்ற பயம். எண்பது லட்சம் பேர் காசு கொடுத்து வாங்கிய பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

இன்றைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மேபெல் கார்ட்டர் 1978இலும், எர்ல் ஸ்க்ரக்ஸும் டாக் வாட்சனும் 2012இலும், ரால்ப் ஸ்டான்லியும் மெர்ல் ஹேகர்டும் 2016இலும், லொரெட்டா லின் 2022இலும் போய்விட்டார்கள். மைக்கை யாரிடம் திருப்புவது?

இளையவர்களிடம்தான். ரிங்கோ ஸ்டார் அதைப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். பீட்டில்ஸில் சேருமுன் டெக்ஸஸில் குடியேறிவிட நினைத்த லிவர்பூல் பையன் அவர். 1970இலேயே நேஷ்வில் வந்து ஒரு கன்ட்ரி ஆல்பம் பாடியவர். 2025 ஜனவரியில், 84 வயதில், 'லுக் அப்' வெளியிட்டார். தயாரிப்பு அதே டி-போன் பர்னெட். கூட வாசித்தவர்களில் பில்லி ஸ்ட்ரிங்ஸும் மாலி டட்டிலும் உண்டு. பதின்ம வயதில் மெட்டல் குழுக்களில் வாசித்துவிட்டுப் புளூகிராஸுக்குத் திரும்பியவர் பில்லி. இவர்களுக்கு ரிங்கோவின் தயவு தேவையில்லை, இணையமும் ஊர் ஊராகப் போடும் கச்சேரியும் போதும். ரிங்கோவைக் கேட்க வந்த நம் அப்பா வயதுக்காரர்களுக்கு இவர்களின் பெயர் தெரியவந்தது. அது சின்ன உதவி அல்ல.

பெயர் வெளியே தெரியாத உதவிகளும் உண்டு. கென்டக்கியின் டைலர் சைல்டர்ஸ் 2017இல் வெளியிட்ட 'பர்கட்டரி' இன்றைய தலைமுறையின் நல்ல கன்ட்ரி ஆல்பங்களில் ஒன்று. அதைத் தயாரித்த இருவரில் ஒருவர் டேவிட் ஃபெர்குசன். ரிக் ரூபின் காலத்தில் ஜானி கேஷின் குரலைப் பதிவு செய்த ஒலிப்பதிவாளர் அவர்.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்கள் 'பர்கட்டரி'யில் தொடங்குங்கள். அடுத்து கேஷின் 1994 ஆல்பம். 'சர்க்கிள்' நீளமானது, ஒரு ஞாயிறு மதியம் வேண்டும். டாக் வாட்சனும் டிராவிஸும் பேசும் இடத்தில் மட்டும் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடாதீர்கள்.