நாய்க்குட்டிக்கு ஒரு ஊசி போதாது

புத்ராஜெயா உருவானபோது பிராங் பெசார் முதலான தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தாவுக்குக் குடிபெயர்ந்தன. தோட்டத்து வீட்டில் நாய்க்கு இருந்த இடம் தனி. அந்தப் பாசத்தோடு குட்டி வளர்ப்போர் பார்வோ வைரஸை அறிந்திருக்க வேண்டும்.

1978-இல் கண்டறியப்பட்ட இந்தக் கிருமி இரண்டே ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. குட்டி முதலில் சாப்பாட்டை ஒதுக்கிச் சுருண்டு படுக்கும். பிறகு வாந்தி, ரத்தம் கலந்த நாற்றக் கழிச்சல். சிகிச்சை கிடைக்காத குட்டிகளில் பெரும்பாலானவை சில நாள்களில் இறந்துவிடும்.

"ஒரு ஊசி போட்டாச்சு" என்ற நிம்மதிதான் ஆபத்து. சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. அது தீரும் நாள் குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் எட்டும்வரை போடச் சொல்கிறார்கள்.

செருப்பில் ஒட்டிக்கொண்டும் கிருமி வீட்டுக்குள் வரும். மண்ணில் மாதக்கணக்கில் தாங்கும். சானிடைசருக்கு அசையாது. தரையைக் கழுவிவிட்டு, ஒரு பங்கு குளோராக்ஸை 30 பங்கு தண்ணீரில் கலந்து ஊற்றி, 10 நிமிடம் விடவேண்டும்.

வாந்தி கண்டால் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. பார்வோ சந்தேகம் என்று முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். அங்கே காத்திருக்கும் மற்ற குட்டிகளும் தப்பும்.