ஓலைச் சுருளும் ஒரு கும்பிடும்

தாய்லாந்தின் தென்பகுதிக் கிராமமொன்றில், வெயில் தாழ்ந்த வேளையில், வீட்டுப் படியில் அமர்ந்திருக்கும் முதியவர் தகர டப்பியைத் திறந்து, ஒரு சிட்டிகைப் புகையிலைத் தூளை எடுத்து, உப்பங்கழியோரம் வளரும் ஒருவகைப் பனையின் உலர்ந்த குருத்தோலையில் வைத்துச் சுருட்டி, நெருப்பு வைப்பதற்கு முன் அந்த டப்பியை எதிரே இருப்பவர் பக்கம் நகர்த்துவார். நம்மிடையே வெற்றிலைத் தட்டை நீட்டுவதில் எவ்வளவு உபசாரம் உண்டோ, அவ்வளவு இதிலும் உண்டு. பிக்ஷுக்களுக்கு அளிக்கும் தானப் பொருள்களுக்கு நடுவிலும் சிகரெட்டு இடம்பெற்றிருந்தது.

அரசாங்கத்தின் நிலையும் விசித்திரமானதே. 1939 முதல் சிகரெட்டு ஆலையைத் தானே நடத்தி லாபத்தைக் கஜானாவில் சேர்த்துவந்த அந்நாடு, அன்னியச் சிகரெட்டுகளுக்கு அடைத்திருந்த கதவைத் திறக்க வேண்டுமென்று, அமெரிக்காவின் முறையீட்டின்பேரில், 1990-இல் காட் என்னும் சர்வதேச வர்த்தக ஒப்பந்தத்தின் விசாரணைக் குழு தீர்ப்பளித்தது. ஆயினும், உள்நாட்டுச் சரக்கு, வெளிநாட்டுச் சரக்கு என்ற பேதமின்றி விளம்பரத்தைத் தடுக்கலாம் என்றும் அக்குழு ஒப்புக்கொண்டது. அந்தச் சலுகையையே ஆயுதமாக்கி, 1992-இல் புகையிலைக் கட்டுப்பாட்டுக்கு ஒன்றும், புகைக்காதவரின் ஆரோக்கியத்துக்கு ஒன்றுமாக இரு சட்டங்கள் பிறந்தன. புகையிலை, மது ஆகியவற்றின் வரிமீது 2 சதவீதம் கூடுதலாக வசூலித்து, அதைக் கொண்டே மக்கள் நலப் பிரசாரம் செய்யும் நிதியம் 2001-இல் அமைந்தது. 2017-இன் சட்டம் வாங்குவோரின் வயதை 20 ஆக உயர்த்தி, சில்லறையாக ஒற்றைச் சிகரெட்டு விற்பதையும் விலக்கியது. 2019-இல், ஆசியாவிலேயே முதன்முறையாக, வர்ணமும் சின்னமும் இழந்த வெற்றுப் பெட்டி கடைக்கு வந்தது.

இவ்வளவும் பெட்டிச் சிகரெட்டைப் பிடித்தன. தகர டப்பிதான் பெரிதும் நழுவிவிட்டது. தூள் புகையிலைக்கு வரி சொற்பம். ஆகவே சிகரெட்டின் விலை ஏறும்போதெல்லாம் ஏழைக் குடியானவன் ஓலைச் சுருளுக்கு மாறிக்கொள்கிறான். அது இயற்கைப் பொருள், ஆதலால் தீங்கு குறைவு என்பது வெறும் பிரமை; நுரையீரல் புற்றும், மாரடைப்பும், தீராத மூச்சிரைப்பும் ஓலைக்கும் காகிதத்துக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. புகைப்போர் பெரும்பாலும் ஆடவரே எனினும், அப்புகையை வீட்டுக்குள் சுவாசிப்போர் பெண்களும் குழந்தைகளும்.

அந்நாட்டில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கிராம சுகாதாரத் தொண்டர்கள் இருக்கிறார்கள். அவர்களில் மிகுதியானோர் அதே ஊர்ப் பெண்கள். அத்தகைய ஒருத்தி முதியவரின் படியில் வந்து அமரும்போது டப்பி அவள் பக்கமும் நகரும். அவள் இரு கைகளையும் கூப்பி வணங்கி, அதை மெல்ல அவரிடமே திருப்பி நகர்த்துவாள். உபசாரமாக வந்ததை உபசாரத்தாலேயே மறுக்கும் அந்தக் கும்பிடு, எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை.