ராம் வாங்க கார்டை எடுக்கும் முன்... உங்க ‘ஆர்’ 32-பிட்ல ஓடுதான்னு பாருங்க!

மியூச்சுவல் ஃபண்ட்களின் பழைய என்ஏவி விவரங்களை ஆம்ஃபி தளத்திலிருந்து இறக்கி, ரோலிங் ரிட்டர்ன் கணக்கு போட்டுப் பார்க்கிற ஆளா நீங்க? எக்ஸெல் ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரிசைக்கு மேல தாங்காது. அதனால பலரும் அடுத்து போறது ‘ஆர்’ மென்பொருளுக்கு. இலவசம், புள்ளிவிவர வேலைக்குன்னே உருவாக்கினது.

ஆனா பெரிய ஃபைலைத் திறந்ததும் சிலருக்கு ‘கேன்னாட் அலோகேட் வெக்டர்’னு ஒரு பிழைச் செய்தி வரும். மெமரி ஒதுக்க முடியலைன்னு அர்த்தம். உடனே மனசு புது லேப்டாப் பக்கம் போகும். 60,000 ரூபாய்னு வைங்க. 12 மாசத்துக்கு மாசம் 5,000 இஎம்ஐ. பலருக்கு அது ஒரு வருஷ எஸ்ஐபி பணம். அதை எடுக்கும் முன்னாடி ஐந்து நிமிஷம் ஒதுக்கி ஒரு விஷயத்தைப் பாருங்க.

32-பிட்னா என்ன சிக்கல்?

அக்கவுண்ட்ல 10 லட்சம் இருந்தாலும் ஏடிஎம்ல ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு லிமிட் இருக்குல்ல? அதே கதைதான். 32-பிட் புரோகிராம் அதிகபட்சம் 4 ஜிபி மெமரியைத்தான் தொட முடியும். நீங்க 16 ஜிபி ராம் போட்டாலும், 32 ஜிபி போட்டாலும் அந்த லிமிட் மாறாது.

ஒரு கணக்கு பார்ப்போம். ஆர்ல ஒரு தசம எண்ணுக்கு 8 பைட் வேணும். 1 கோடி வரிசை, 10 நெடுவரிசை இருந்தா 80 கோடி பைட், அதாவது சுமார் 0.8 ஜிபி. வேலை நடக்கும்போது ஆர் பல இடங்கள்ல டேட்டாவைப் பிரதி எடுக்கும். மூணு நாலு பிரதி ஆனாலே லிமிட்டை நெருங்கிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆர் திறந்ததும் மேலே சில வரிகள் வரும். அதுல ‘பிளாட்ஃபார்ம்’னு தொடங்குற வரியைப் பாருங்க. கடைசியில 64-பிட்னு இருந்தா சரி. 32-பிட்னு இருந்தா, கோளாறு இங்கதான். விண்டோஸும் 64-பிட்தானான்னு செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் பக்கத்துல ‘சிஸ்டம் டைப்’ வரியில உறுதி பண்ணிக்கோங்க.

எப்படிச் சரிசெய்வது?

1. ஆர் 4.1 வரைக்கும் இன்ஸ்டாலர் வழக்கமா 32, 64 ரெண்டையும் சேர்த்தே போடும். டெஸ்க்டாப்ல ரெண்டு ஐகான் இருக்கும். ‘ஐ386’ வேண்டாம், ‘எக்ஸ்64’ஐ அழுத்துங்க.

2. ஆர் ஸ்டுடியோ வழியா வர்றவங்க: டூல்ஸ், குளோபல் ஆப்ஷன்ஸ், ஜெனரல் போய், ‘ஆர் வெர்ஷன்’ பக்கத்துல சேஞ்ச் அழுத்தி 64-பிட்டைத் தேர்ந்தெடுங்க. ஆர் ஸ்டுடியோவை மூடித் திறந்தாதான் மாற்றம் வரும்.

3. நிரந்தரத் தீர்வு, புது பதிப்புக்கு மாறுவது. 2022 ஏப்ரல்ல வந்த 4.2.0 முதல் விண்டோஸுக்கு 32-பிட் ஆர் கிடையவே கிடையாது. புது பதிப்புல பேக்கேஜ்களை மறுபடி இன்ஸ்டால் பண்ணணும், அவ்வளவுதான்.

மாறின பிறகு ஜாவா சம்பந்தமா பிழை வந்தா, உங்க ஜாவா 32-பிட்டா இருக்கலாம். 64-பிட் ஜாவா போடுங்க. எக்ஸெல் ஃபைல் படிக்க மட்டும்னா ‘ரீட்எக்ஸ்எல்’ பேக்கேஜ் போதும். அதுக்கு ஜாவாவே வேண்டாம்.

ஆபீஸ் லேப்டாப்பா? கொஞ்சம் பொறுங்க

சில ஆபீஸ்கள்ல 32-பிட் ஆக்சஸ் டேட்டாபேஸோட இணைக்கணும்னே 32-பிட் ஆர் வெச்சிருப்பாங்க. 64-பிட் ஆர் அந்த 32-பிட் டிரைவரைப் பயன்படுத்த முடியாது. ஐடி டீம்கிட்ட கேட்காம பழசை நீக்காதீங்க.

மேக் வெச்சிருக்கீங்களா?

எம்1 முதல் வந்த மேக்ல 32-பிட் சிக்கல் இல்லை. ஆனா இன்டெல்லுக்கான ஆர் போட்டிருந்தா அது ரொசெட்டா வழியா மொழிபெயர்த்து ஓடும். வேகம் குறையும், பேக்கேஜ்களும் முரண்டு பிடிக்கலாம். பிளாட்ஃபார்ம் வரியில ‘ஏஆர்ச்64’னு இருக்கணும். இல்லைன்னா ‘ஆர்ம்64’ இன்ஸ்டாலரை இறக்குங்க. 4.1.0 முதல் அது கிடைக்குது.

64-பிட்லயும் அதே பிழையா?

முதல்ல தேவையான நெடுவரிசைகளை மட்டும் படிக்க வைங்க. தேதி, ஃபண்ட் குறியீடு, என்ஏவி மூணு போதும்ங்கிற வேலைக்குப் பத்தும் எதுக்கு? அப்பவும் முடியலைன்னா, வேலை ஓடும்போது டாஸ்க் மேனேஜர்ல மெமரி அளவைப் பாருங்க. அது உண்மையிலேயே நிரம்பி வழிஞ்சா ராம் கூட்டுறது நியாயமான செலவு. லேப்டாப்பை மாத்தாம ராம் மட்டும் சேர்க்க முடியுமான்னு கேட்டுட்டு, அப்புறம் கார்டை எடுங்க.